வீட்டு விஞ்ஞானம்: மோட்டாருக்குக் கண்ணேறு பட்டதா?

கம்பத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து நேயர் ஒருவர் நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். முதல் மூன்று பக்கங்கள் பன்னீர் திராட்சையின் விலையைப் பற்றியவை. அந்த விஷயத்தில் இந்தப் பகுதி எழுதுகிறவனுக்கு எவ்விதச் செல்வாக்கும் கிடையாது. ஆகையால் அனுதாபத்தோடு படித்துவிட்டு நாலாம் பக்கத்துக்கு வந்தேன். அங்கேதான் விஷயம் இருந்தது.

அன்பருடைய வீட்டுக்குப் பின்னால், சுமார் 150 மீட்டர் தூரத்தில் ஒரு கிணறு. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் தண்ணீர் அதிலிருந்துதான். 1 எச்.பி. மோட்டார் ஒன்று வைத்திருக்கிறார். அந்த மோட்டார் ஒரே வருஷத்தில் மூன்று தடவை எரிந்து போயிற்றாம். ஒவ்வொரு தடவையும் தேனிக்குக் கொண்டு போய்க் காயில் கட்டி எடுத்து வருவதற்குச் சில ஆயிரம் ரூபாயும் இரண்டு மூன்று நாளும் ஆகின்றன. அந்த நாட்களில் குடும்பமும் மாடுகளும் தண்ணீருக்குப் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. "கண்ணேறு பட்டுவிட்டது, பூசணிக்காய் உடை" என்கிறாராம் அன்பருடைய அப்பத்தா. "மோட்டாரே மட்டம், வேறு வாங்குங்கள்" என்கிறாராம் மெக்கானிக். "நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார் அன்பர்.

பூசணிக்காய் உடைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு அதிகச் செலவும் இல்லை. ஆனால் அதற்கு முன்பு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிட்ட கணக்குத்தான். வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் என்னும் நாலு பெயர்கள் அதில் வரும். அந்த நாலையும் விளங்கிக்கொள்வதற்குக் கம்பம் பள்ளத்தாக்கைக் காட்டிலும் நல்ல பாடசாலை தமிழ்நாட்டில் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

குமுளி மலைப்பாதையில் பிரயாணம் செய்தவர்கள், மலைச் சரிவில் நாலு பெரிய குழாய்கள் கீழ்நோக்கி இறங்குவதைப் பார்த்திருப்பார்கள். பெரியாற்று நீர், தேக்கடி மதகிலிருந்து சுரங்கத்தின் வழியாக மலையைக் கடந்து வந்து, அந்தக் குழாய்களில் பாய்ந்து, ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து லோயர் கேம்ப் மின்சார நிலையத்தில் விழுகிறது. 1958-ஆம் வருஷத்தில் முதல் இயந்திரமும் 1965-இல் நாலாவது இயந்திரமும் ஓடத் தொடங்கின. தொடங்கியபோது ஒவ்வொன்றும் 35,000 கிலோவாட். நாலும் சேர்ந்து 1,40,000 கிலோவாட். பிற்பாடு புதுப்பித்ததில் இந்த அளவு இன்னும் சற்றுக் கூடியது.

அந்த நிலையத்தில், விநாடிக்கு ஒரு கன அடி வீதம் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 90 கிலோவாட் மின்சாரம் கிடைக்கிறது. ஆயிரம் கன அடி விட்டால் 90,000 கிலோவாட். இதே ஒரு கன அடித் தண்ணீர் கீழே ஓடிப் போய் வைகை அணையில் சேர்கிறது. அங்கேயும் ஒரு மின்சார நிலையம் உண்டு. ஆனால் வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. அந்த 71 அடியும் முழுதாகக் கிடைத்தாலும், அங்கே ஒரு கன அடிக்கு 5 கிலோவாட்டுக்கு அதிகமாக எதிர்பார்க்க முடியாது. தண்ணீர் என்னவோ அதே தண்ணீர்தான். அளவும் அதே அளவுதான். விழுகிற உயரம் குறைந்துவிட்டது, அவ்வளவே.

ஆகவே, தண்ணீரின் சக்தி என்பது ஒன்றல்ல, இரண்டின் பெருக்கம்: எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பது ஒன்று, விநாடிக்கு எவ்வளவு விழுகிறது என்பது மற்றொன்று. மின்சாரத்தின் சமாசாரமும் இதுவேதான். உயரத்துக்குச் சமானமானது வோல்ட். விநாடிக்கு ஓடும் அளவுக்குச் சமானமானது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட், அதாவது வேலை செய்யும் வேகம். 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடினால் 460 வாட். ஆயிரம் வாட் சேர்ந்தது ஒரு கிலோவாட். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால், மீட்டர் பார்க்க வருகிறவர் அட்டையில் எழுதும் அந்த ஒரு 'யூனிட்'.

இனி ஓம். வாய்க்காலில் புல் மண்டிக் கிடந்தால் தண்ணீர் தயங்கித் தயங்கிப் போகிறதல்லவா? மின்சாரத்துக்கும் கம்பி அப்படி ஒரு தடை செய்கிறது. எத்தனை வோல்ட் கொடுத்தால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்த்து, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடையின் அளவு கிடைக்கிறது. அதற்கு ஓம் என்று பெயர். வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் ஆம்பியரும் இரட்டிக்கும். தடை மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும். கம்பி அதிகமாகச் சூடேறாத வரையில் இது உண்மை.

இந்த விதியைக் கண்டுபிடித்த கியார்க் ஓம் என்பவர் ஜெர்மனி தேசத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயர். தகப்பனார் பூட்டுச் செய்கிற தொழிலாளி. 1827-இல் தம் ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டபோது, அவருடைய சொந்த நாட்டில் அதற்குக் கிடைத்த வரவேற்பு மிகவும் குளிர்ச்சியானது; மனம் நொந்து உத்தியோகத்தையும் விட்டுவிட்டார். பதினாலு வருஷம் கழித்து, 1841-இல், லண்டன் ராயல் சொஸைட்டியார் காப்லி பதக்கம் அளித்த பிற்பாடுதான் உள்ளூர்க்காரர்களுக்குக் கண் திறந்தது. வெளிநாட்டார் மெச்சிய பிறகு உள்ளூரில் மாலை போடுவது நம் தேசத்துக்கு மட்டும் சொந்தமான வழக்கம் அல்ல என்று தெரிகிறது. 1881-இல் பாரிஸ் நகரில் கூடிய மின்சார மகாநாடு, தடையின் அளவுக்கு அவருடைய பெயரையே நிலைநாட்டியது.

சரி, கிணற்றுக்குப் போவோம். அன்பருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "மோட்டாரைச் சற்று மறந்துவிடுங்கள். மோட்டார் சிக்கலான பிராணி. அது சுழல்கையில் உள்ளே எதிர் வோல்ட் ஒன்று பிறக்கிறது. தவிர, அதில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை. ஆகவே மோட்டாரின் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து இதுதான் தடை என்று சொல்ல முடியாது. பெருக்கி இதுதான் வாட் என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. வீட்டில் இஸ்திரிப்பெட்டி இருக்கும். லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, மோட்டாரைக் கழற்றிவிட்டு, அந்தக் கம்பியின் கோடியில் இஸ்திரிப்பெட்டியைப் பொருத்தச் சொல்லுங்கள். பெட்டி சூடாகிக்கொண்டிருக்கும்போது வீட்டு போர்டில் எத்தனை வோல்ட், கிணற்றடியில் எத்தனை வோல்ட், கம்பியில் எத்தனை ஆம்பியர் என்று மூன்றையும் அளந்து எழுதுங்கள்."

இஸ்திரிப்பெட்டி வெறும் தடை. அதில் சூது வாது கிடையாது. அதனால்தான் அதைக் கேட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. இஸ்திரிப்பெட்டி 1000 வாட் என்று போட்டிருக்கிறது. வீட்டு போர்டில் 230 வோல்ட். கிணற்றடியில் 209 வோல்ட். 'டாங் டெஸ்டர்' காட்டிய ஆம்பியர் 3.9. மோட்டாரையும் மறுபடி பொருத்திப் பார்த்திருக்கிறார்: மோட்டார் ஓடும்போது கிணற்றடியில் 192 வோல்ட்தான், ஆம்பியர் 7. மோட்டாரின் மேல் தைத்திருக்கும் தகட்டில் எழுதியிருப்பதோ 6 ஆம்பியர். கம்பி '2.5 எம்.எம்.' செம்புக் கம்பி என்று சொல்லி வாங்கியதாம். பல வருஷங்களுக்கு முன் வாங்கியது.

வாசகர்கள் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் 230, கிணற்றில் 209. நடுவில் 21 வோல்ட் காணாமற் போயிற்று. அதை யாரும் திருடவில்லை. கம்பியின் தடையைக் கடப்பதற்காகச் செலவாகிவிட்டது. 21-ஐ 3.9-ஆல் வகுத்தால் 5.4. ஆகவே கம்பியின் தடை 5.4 ஓம். முதல் சாட்சியம் கிடைத்துவிட்டது.

இஸ்திரிப்பெட்டியின் தடை என்ன? 209-ஐ 3.9-ஆல் வகுத்தால் 53.6 ஓம். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வைத்தும் இதைச் சரிபார்க்கலாம்: 230-ஐ 230-ஆல் பெருக்கி, வாட்டால் வகுத்தால் தடை வரும். 52,900-ஐ 1000-ஆல் வகுத்தால் 52.9. இரண்டும் ஏறக்குறைய ஒத்திருக்கின்றன. மீட்டரின் கடைசி இலக்கத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மீட்டர்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள இது போதும்.

இப்போது வாட். பெட்டிக்குக் கிடைத்தது 209 பெருக்கல் 3.9, அதாவது 815 வாட். கம்பியில் வீணானது 21 பெருக்கல் 3.9, அதாவது 82 வாட். இரண்டும் சேர்ந்து 897. வீட்டு போர்டிலிருந்து புறப்பட்டது 230 பெருக்கல் 3.9, அதுவும் 897. கணக்குப் பிள்ளையின் வரவு செலவு போல ஒரு பைசா பிசகாமல் ஒத்துப் போகிறது பாருங்கள்.

இனி விசாரணை சூடு பிடிக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கம்பிக்கு, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 18 ஓம் தடை. கனம் இரட்டித்தால் தடை பாதியாகும். அப்படியானால் 2.5 கம்பிக்கு ஆயிரம் மீட்டருக்கு 7 ஓம் சொச்சம். கிணறு 150 மீட்டர் தூரத்தில் இருந்தாலும், மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். ஆகவே கம்பியின் நீளம் 300 மீட்டர். 2.5 கம்பியானால் அதன் தடை 2.1 ஓம்தான் இருக்க வேண்டும். நமக்குக் கிடைத்திருப்பதோ 5.4. மிச்சம் 3.3 ஓம் எங்கிருந்து வந்தது?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். வழியில் எங்கேயாவது கம்பியை முறுக்கி இணைத்து, மேலே டேப் சுற்றி, அந்த இணைப்பு மழையில் நனைந்து களிம்பேறிப் போயிருக்கலாம். அல்லது கம்பி முழுவதுமே சொன்ன கனம் இல்லாமலிருக்கலாம். எது என்று 150 மீட்டர் தூரமும் தோண்டிப் பார்க்காமல் சொல்ல முடியுமா?

முடியும். வாட் கணக்கு அதைச் சொல்லும். தடையில் உண்டாகும் சூட்டைக் கணக்கிட, ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, தடையாலும் பெருக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர். ஏழேழு நாற்பத்தொன்பது, அதை 3.3-ஆல் பெருக்கினால் 162 வாட். இவ்வளவு சூடும் கட்டைவிரல் பருமனுள்ள ஓர் இணைப்பில் மணிக்கணக்காக உண்டானால், சுற்றிய டேப் பொசுங்கி, கம்பியின் ரப்பர் உருகி, எப்போதோ புகை கிளம்பியிருக்க வேண்டும். அன்பரின் கம்பியில் ஒரே ஓர் இணைப்புத்தான் இருந்தது. மெயினை நிறுத்திவிட்டு டேப்பைப் பிரித்துப் பார்த்ததில் அது புத்தம் புதிதாகவே இருந்தது. ஆகவே குற்றம் அந்த ஓர் இடத்தில் இல்லை. 300 மீட்டரிலும் பரவிக் கிடக்கிறது. 5.4 ஓமை 300 மீட்டருக்குப் பங்கிட்டால், ஆயிரம் மீட்டருக்கு 18 ஓம் என்று ஆகிறது. 18 ஓம் என்பது எந்தக் கம்பியின் கணக்கு என்று மேலே சொன்னேன் அல்லவா?

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னும் ஒரு சுலபமான பரீட்சை உண்டு. கம்பியில் ஒரு மீட்டர் வெட்டி, மேல் தோலை உரித்து, வெறும் செம்பை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். 2.5 கம்பியானால் 22 கிராம் இருக்கும். 1 கம்பியானால் 9 கிராம். அன்பர் ஆசாரியிடம் கொண்டு போயிருக்கிறார். பவுன் நிறுக்கிற தராசில் செம்பை வைத்ததற்காக ஆசாரி முதலில் முகத்தைச் சுளித்தாராம். பிறகு நிறுத்துச் சொன்ன எடை ஒன்பதே கால் கிராம். விற்றவர் தெரிந்து கொடுத்தாரோ, கை தவறி வேறு சுருளை எடுத்துக் கொடுத்தாரோ, நமக்குத் தெரியாது.

ஆனால் கம்பி மெலிந்ததற்கும் மோட்டார் எரிந்ததற்கும் என்ன சம்பந்தம்? இதில்தான் வேடிக்கை இருக்கிறது. வோல்ட் குறைந்தால் இஸ்திரிப்பெட்டி தன் பாட்டில் பட்டினி கிடக்கும். 230-க்குப் பதில் 180 வோல்ட் வந்தால், 1000 வாட் பெட்டி 612 வாட்டோடு திருப்தி அடைந்துவிடும். வோல்ட் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்ததற்கு வாட் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்து போகும். வேட்டியில் சுருக்கம் போகாது. வேறு ஆபத்து ஒன்றும் இல்லை. மோட்டாரின் சுபாவம் நேர் விரோதமானது. கிணற்றின் ஆழம் குறையவில்லை. தூக்க வேண்டிய தண்ணீர் குறையவில்லை. வோல்ட் குறைந்தால் அந்த நஷ்டத்தை ஆம்பியரால் ஈடு செய்யப் பார்க்கிறது மோட்டார். அதனால்தான் 6 ஆம்பியர் குடிக்க வேண்டியது 7 குடித்தது. ஆம்பியர் கூடியதால் கம்பியில் வோல்ட் இன்னும் குறைந்தது. அதனால் ஆம்பியர் இன்னும் கொஞ்சம் கூடியது. கடன் வாங்கி வட்டி கட்டுகிறவனுடைய கதையேதான்.

ஆறுக்கும் ஏழுக்கும் அப்படி என்ன பிரமாத வித்தியாசம் என்று கேட்கலாம். சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறாறு முப்பத்தாறு, ஏழேழு நாற்பத்தொன்பது. 36 வாங்க வேண்டிய இடத்தில் 49. சுருளின் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாயிற்று. கோடைகாலத்தில், தகரக் கொட்டகைக்குள், மாடுகளுக்காக மணிக்கணக்காய் ஓடிய மோட்டார் எத்தனை மாதம் தாங்கும்? இதற்கு மேல், மோட்டார் புறப்படும் க்ஷணத்தில் வழக்கமான ஆம்பியரைப்போல் பல மடங்கு இழுக்கும். மெலிந்த கம்பியில் அந்தச் சமயம் வோல்ட் அதலபாதாளத்துக்குப் போய்விடும். மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டே நிற்கும். பல மோட்டார்கள் எரிவது அந்த உறுமலில்தான்.

4 சதுர மில்லிமீட்டர் கம்பி போடச் சொன்னேன். அதற்கு 300 மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 ஓம். 6 ஆம்பியருக்கு எட்டரை வோல்ட்டுக்கு மேல் நஷ்டமாகாது. மோட்டாருக்கு 220-க்கு மேல் கிடைக்கும். புதுக் கம்பியின் விலை, மூன்று தடவை காயில் கட்டிய செலவைக் காட்டிலும் எவ்வளவு அதிகம் என்று அன்பர் இன்னும் எழுதவில்லை. மெக்கானிக்கின் சிபாரிசுப்படி மோட்டாரை மாற்றியிருந்தால், புது மோட்டாரும் அதே கதியைத்தான் அடைந்திருக்கும்.

பள்ளத்தாக்கில் இந்த நோய் ஒரு வீட்டோடு நிற்பதல்ல. ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்படும் கம்பியில் வரிசையாகப் பல தோட்டங்கள் தொங்குகின்றன. எல்லாக் கிணறுகளிலும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால், எல்லோருடைய ஆம்பியரும் சேர்ந்து அந்த ஒரே கம்பியில் ஓடுகிறது. கடைக்கோடித் தோட்டத்துக்காரருக்கு மிஞ்சும் வோல்ட் கொஞ்சம்தான். வாய்க்காலின் கடைமடைக்காரன் கதைதான் இங்கும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாயிற்றே என்று யூனிட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர் குறைவு. யூனிட் இலவசம்; காயில் கட்டுகிற கூலி இலவசமல்ல.

அப்படியானால் லோயர் கேம்ப்பிலிருந்து எத்தனையோ மைல் தூரத்துக்கு மின்சாரம் எப்படிப் போகிறது? வழியிலேயே செலவாகிவிட வேண்டாமா? ஒப்புக்கு ஒரு கணக்குப் பார்க்கலாம். (உண்மையில் அது மூன்று கம்பிகளில் ஓடும் 'த்ரீ பேஸ்' மின்சாரம், எண்கள் சற்று மாறும், தத்துவம் மாறாது.) 35,000 கிலோவாட்டை 11,000 வோல்ட்டில் அனுப்புவதென்றால் சுமார் 3,180 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் ஒரே ஓர் ஓம் தடை இருந்தாலும், நஷ்டம் 10,000 கிலோவாட்டுக்கு மேல்! அதையே 1,10,000 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பினால் 318 ஆம்பியர் போதும். நஷ்டம் சுமார் 100 கிலோவாட். வோல்ட்டைப் பத்து மடங்கு ஏற்றினால் நஷ்டம் நூறில் ஒன்றாகிறது. வானளாவிய இரும்புக் கோபுரங்களை நட்டு, பீங்கான் மாலைகளில் கம்பியைத் தொங்கவிட்டு, பார்த்தாலே நடுங்கும் வோல்ட்டில் மின்சாரத்தை அனுப்புகிறார்களே, அவ்வளவு பாடும் இந்த ஒரு வர்க்கக் கணக்குக்காகத்தான்.

பெரியாற்று மின்சாரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது கோர்ட்டுக் கச்சேரி வரையில் போன கணக்கு. 1886-இல் திருவாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் சர்க்காருக்கும் ஏற்பட்ட 999 வருஷக் குத்தகையின் பேரில், பென்னிகுயிக் துரை கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கச் சென்னை ராஜதானி விரும்பியபோது, குத்தகை பாசனத்துக்கு மட்டுமே என்று திருவாங்கூர் வழக்காடிற்று. 1941-இல் நடுவரின் தீர்ப்பு திருவாங்கூருக்குச் சாதகமாயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு நிலையம் எழும்பி, 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தில்தான் மின்சார உரிமை எழுத்தில் தீர்ந்தது. அதன்படி கேரளத்துக்குத் தமிழகம் கொடுக்க வேண்டியது, முதல் 35 கோடி யூனிட் வரையில் 'கிலோவாட் வருஷம்' ஒன்றுக்கு 12 ரூபாய். அதற்கு மேல் 18 ரூபாய். கிலோவாட் வருஷம் என்றால் என்ன? ஒரு கிலோவாட், நாளைக்கு 24 மணி வீதம் 365 நாளும் ஓடினால் 8,760 யூனிட். 12 ரூபாயை அதனால் வகுத்தால், யூனிட்டுக்கு ஒரு பைசாவில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. இது அதிகமா, குறைவா என்பதை இரண்டு ராஜ்யத்தாரும் பேசிக்கொள்ளட்டும். இந்த நிலையத்தில் பாசனத்துக்கே முதல் மரியாதை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும், அப்பால் மதுரைச் சீமைக்கும் தண்ணீர் விடும்போதுதான் இயந்திரம் முழு வேகத்தில் சுழலும். மதகு மூடினால் மின்சாரமும் இல்லை.

கடைசியாக, கிணற்றடியில் ஈரக் காலோடு நிற்கிறவர்களுக்கு ஒரு வகுத்தல் கணக்கு. மனித உடம்புக்கும் தடை உண்டு. தோல் நன்றாக உலர்ந்திருந்தால் அது பல்லாயிரம் ஓம். நனைந்துவிட்டால் சுமார் ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஒரு சிறு குண்டு பல்பு எரிவதற்கு வேண்டிய அளவுதான். ஆனால் இதயத்தை நிறுத்த இதில் பாதிகூட வேண்டாம். ஆகவேதான் 0.03 ஆம்பியர் வழி தவறிப் பூமிக்கு ஓடினாலே கண் சிமிட்டும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும் ஈ.எல்.சி.பி. என்னும் கருவியை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பியூஸ்கட்டை அந்த வேலையைச் செய்யாது. 16 ஆம்பியர் பியூஸ், 3,680 வாட் வரையில் ஏனென்று கேட்காது. அது கம்பியைக் காப்பாற்ற ஏற்பட்டது, மனிதனை அல்ல. அதிலும் அடிக்கடி பியூஸ் போகிறதென்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டி வைக்கிறார்களே, அவர்கள் வீட்டில் கம்பிக்கும் காவல் இல்லை. காட்டுப்பன்றிக்கு என்று தோட்டத்து வேலியில் நேரே மின்சாரத்தைப் பாய்ச்சுகிறவர்களும் மலையடிவாரத்தில் இருக்கிறார்கள். சட்டம் அவர்களைக் கவனித்துக்கொள்ளும். ஆனால் இரவில் அந்த வேலியைத் தொடுகிற கால் பன்றியின் காலாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னார்கள்?

இந்த வாரத்துப் புதிர். 40 வாட் குண்டு பல்பு ஒன்று. 100 வாட் குண்டு பல்பு ஒன்று. இரண்டும் 230 வோல்ட்டுக்கு ஏற்பட்டவை. இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே வரிசையில் இணைத்து 230 வோல்ட் கொடுத்தால், எது அதிகப் பிரகாசமாக எரியும்? பல்பின் தடை சூட்டோடு மாறும். கணக்குக்காக அது மாறாது என்றே வைத்துக்கொள்ளலாம். பதிலோடு, இரண்டு பல்பின் தடையையும், ஒவ்வொன்றும் எத்தனை வாட்டில் எரிகிறது என்பதையும் எழுத வேண்டும். கம்பியைத் தொட வேண்டாம், பென்சில் போதும். விடை அடுத்த இதழில்.